படங்குக்குப் பொருள் சொன்ன நாள்

என் உத்தியோக காலத்தில் நான் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறேன். நான் நீதவானும் இல்லை, பொலிஸும் இல்லை. உங்களைப் போல ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் மேலே ஏற்றுவதும், மேலே இருந்து சிங்களத்தில் வருவதைத் தமிழில் கீழே இறக்குவதும்தான் என் வேலை. அந்த வேலையை மட்டும் பார்த்திருந்தால் அந்த மனிதர் அன்று மத்தியானமே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார். அவர் போக முடியாமல் போனதற்குக் காரணம் என் படிப்பு.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள், ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அனுபவம் கேட்கிறீர்கள். சாட்சிக்கு எப்படிச் சத்தியம் செய்துவைப்பது, எங்கே நிற்பது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். கேட்காத கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் என்ன செய்வது என்பதை அங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதற்கு நான் ஒருவன்தான் ஆள்.

சப்ரகமுவ மழையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கே தேயிலைச் செடி ஒருநாளும் முழுசாகக் காய்வதில்லை. காலையில் மலைக்கு ஏறும் பெண்கள் ஈரச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீருக்குள் நடப்பதுபோல நடக்க வேண்டும். கவாத்து வெட்டிய குச்சிகள் தொடையைக் கிழிக்கும். அட்டை ஏறும். ஆகவே சேலைக்கு மேலே இடுப்பைச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே வரை, தடித்த துணி ஒன்றைச் சுற்றி நாடாவால் கட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் படங்கு. ஒரு காலத்தில் சாக்குத் துணியில் கட்டினார்கள். பிறகு உரப்பை வந்தது, தடித்த பொலித்தீன் வந்தது, பழைய லொறிப் படுதா வந்தது. துணி மாறினாலும் பெயர் மாறவில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவன் இல்லை. அப்பா பஜாரில் சாமான் கடை வைத்திருந்தார். பஸ் ஜன்னல் வழியாகத்தான் நான் படங்கைப் பார்த்து வளர்ந்தேன். அந்தச் சொல்லைப் பற்றி ஒரு நிமிடமும் யோசித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு எதையோ தேடிப் பழைய அகராதி ஒன்றைப் புரட்டும்போது அது கண்ணில் பட்டது. படங்கு: கூடாரம். மேற்கட்டி. பெருங்கொடி.

எனக்கு ஏற்பட்ட பரவசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லொட்டரியில் விழுந்தவன் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் அதுதான் என் முகம். அரசன் பாசறையில் அடித்த கூடாரம், தேருக்கு மேலே பறந்த கொடிச் சீலை, எப்படி எங்கள் பக்கத்துக் கலவானத் தோட்டத்துப் பெண்ணின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது? அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வழி தேடினேன். படம் என்றால் முதலில் துணி. துணியில் எழுதியதால் ஓவியத்துக்கும் படம் என்று பெயர் வந்திருக்க வேண்டும். துணிபோல விரிவதால் பாம்பின் படமும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்திருக்கலாம். வடக்கே யாழ்ப்பாணத்தில் நெல் காயப்போடவும் மூட்டைகளை மூடவும் விரிக்கும் தடித்த படுதாவுக்கும் படங்கு என்றுதான் பெயர். சிங்களத்தில் படங்குவ என்பார்கள். அதுவும் அந்தப் படுதாதான். ஆக, மேலே கட்டியது கீழே விரிந்தது, கீழே விரிந்ததை யாரோ ஒரு புண்ணியவதி மழைக்கு எடுத்து இடுப்பில் சுற்றினாள். இது முழுக்க என் ஊகம். அந்தப் புண்ணியவதியை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் முதல் முடிச்சைப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலவே அந்த வாரம் முழுவதும் நடந்துகொண்டேன்.

படம் என்பது வடமொழியில் இருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்பதில் சண்டை இருக்கிறது. அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் வாரத்தில் பாதி நாள் இந்தப் பக்கம், பாதி நாள் அந்தப் பக்கம். இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று உடம்பு துடித்தது. மனைவியிடம் ஆரம்பித்தேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனார். அன்று வீட்டில் பால் இல்லை. நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையில் ஆரம்பித்தேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வழக்கு கூப்பிட்டார்கள். இப்படி ஒரு மாதம் போயிற்று. படங்கு என்றால் என்ன என்று ஒரே ஒருவர் கேட்டால் போதும் என்று காத்திருந்தேன்.

நீதவான் கேட்டார்.

கூண்டில் நின்றவர் பெயர் சன்னாசி. ஐம்பது தாண்டிய, மெலிந்த, நன்றாகச் சவரம் செய்த மனிதர். கலவானப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர், மலையில் விழுந்து கால் பிசகிய பிறகு வேலையை விட்டுவிட்டுப் படங்கு விற்கத் தொடங்கியிருந்தார். எம்பிலிப்பிட்டியவில் நெல் லொறிகளின் கிழிந்த படுதாவை மொத்தமாக வாங்குவார். ஒரே அளவில் வெட்டி, இரண்டு முனையிலும் நாடா தைத்து, மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவார். அந்த முறை கிடைத்த படுதா கரும்பச்சை.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. யுத்த காலம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய பொலிஸ்காரர் கண்ணில் பட்டது இது: தமிழர் ஒருவர், ஒரு மூட்டை, மூட்டைக்குள்ளே கரும்பச்சையில் ஒரே அளவாக வெட்டிய முரட்டுத் துணிகள், எல்லாவற்றிலும் கட்டுவதற்கு நாடா. பஸ் போகும் பாதையோ சிங்கராஜ காட்டின் ஓரத்துக்கு. அவர் இறக்கி விசாரித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். வழக்கைக் கொண்டுவந்த சார்ஜன்ட் வறண்ட பிரதேசத்து விவசாயக் குடும்பத்து மனிதர். அண்மையில்தான் மாற்றலாகி வந்திருந்தார். தேயிலையைக் கோப்பையில்தான் பார்த்திருந்தார். "சீருடைக்கு உபயோகிக்கும் துணியோ என்று சந்தேகம்" என்று மட்டும் சொன்னார். அவர் குரலிலேயே அரை மனதுதான் இருந்தது.

சன்னாசிக்குச் சிங்களம் தெரியாது என்று நினைக்காதீர்கள். சந்தையில் விலை பேசும் அவருடைய சிங்களத்துக்குப் பக்கத்தில் என் சிங்களம் பாடப்புத்தகம். ஆனால் கூண்டில் ஏறியதும் பயத்தில் நாக்கு தாய்மொழிக்குள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். நீங்களும் பார்ப்பீர்கள்.

நீதவான் ஒரு துணியை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், இது என்ன என்று. நான் தமிழில் இறக்கினேன். சன்னாசி சொன்னார்: "படங்குங்க. பொம்பளைங்க கொழுந்தெடுக்கப் போறப்ப கட்டுறது."

இதைவிடச் சுருக்கமான, முழுமையான விடையை ஒரு சாட்சியிடமிருந்து நான் பிறகு கேட்டதில்லை. அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். படங்கு என்ற சொல்லை மட்டும் தமிழாகவே வைத்தேன். நீதவான் கொழும்புக்காரர். மூட்டை கட்டும் படுதாவும் தெரியாது, இடுப்பில் கட்டும் படங்கும் தெரியாது. புருவத்தைத் தூக்கி, "படங்கு என்றால்?" என்றார்.

அந்தக் கேள்வி சன்னாசிக்கு. நான் அதைத் தமிழில் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அவர், "இடுப்புல கட்டுறதுங்க" என்று சொல்லியிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

பழைய அகராதிகளின்படி என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. கூடாரம் என்றேன். மேற்கட்டி என்றேன். போர்க்களத்தில் பறக்கும் பெருங்கொடி என்றேன். போர்க்களம் அகராதியில் இல்லை. அது என் அன்பளிப்பு. கூடாரத்துக்குச் சிங்களத்தில் கூடாரம, கொடிக்குக் கொடிய. இரண்டும் நம்மிடமிருந்து போன சொற்கள்தான் என்று அந்த நேரத்திலும் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். நீதிமன்றத்தில் எல்லோருக்கும் உடனே புரிந்தது. சார்ஜன்டுக்கு எல்லோரையும்விட முதலில் புரிந்தது. அதுவரை பாதி தூக்கத்தில் இருந்த மனிதர் நிமிர்ந்து நின்று, "கூடாரமா?" என்றார். பிறகு நீதவான் பக்கம் திரும்பி மரியாதையாக, "அந்த மனிதர் போய்க்கொண்டிருந்த இடத்தில் இருந்து காட்டுக்கு நடந்தே போகலாம், சார்" என்றார்.

காட்டுக்குள்ளே கூடாரம், கூடாரத்துக்கு மேலே கொடி. நான் சொல்லாமலே ஒரு முகாம் கட்டி முடிந்துவிட்டது.

நீதவான் அடுத்த தவணை வரை சன்னாசியை விளக்கமறியல் சிறையில் வைக்கச் சொன்னார். அதற்குள் சந்தேகம் தீராவிட்டால் மேலதிக விசாரணைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோகப்போவதாகச் சார்ஜன்ட் சொன்னார். அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கவில்லை. நான் இதையும் தமிழில் சொன்னேன், அதுதானே என் வேலை. சன்னாசி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு ஆச்சரியம் இருந்தது. அது என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வெளியே விறாந்தையில் அவருடைய மனைவி பாப்பாத்தி என்னை மறித்தார். கொழுந்து எடுக்கிறவர், கறுத்துப் போன விரல்கள், கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார்.

"நீங்கதான் உள்ள பேசுன ஐயாவா?"

"நான் பேசலைங்கம்மா. அவர் சொன்னதை மொழிபெயர்த்தேன்."

"நான் ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரரு ஒரு வரிதான் சொன்னாரு. நீங்க சோறு வேகுற நேரம் பேசுனீங்க. அம்புட்டும் அந்த ஒரு வரிக்குள்ளயா இருந்துச்சு?"

நான் விலகி நடக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"படங்குக்கு என்னான்னு சொன்னீங்க?"

சொன்னேன். கூடாரம், மேற்கட்டி, கொடி. இந்த முறை போர்க்களத்தை விட்டுவிட்டேன்.

பாப்பாத்தி குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். "பத்து வயசுல இருந்து கட்டுறேன். கூடாரத்துக்குள்ள நிக்கிறோம்னு ஒருநாளும் எனக்குத் தெரியல. மழை மட்டும் எப்பிடியோ உள்ள வந்துருது." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "கொழும்புக்குக் கொண்டு போயிட்டா நான் எங்கன்னு போய்த் தேடுறது ஐயா? சிங்களம் பேசிருவேன். யாருகிட்ட பேசுறதுன்னுதான் தெரியாது. நீங்க கட்டுன கூடாரம். நீங்களே பிரிச்சுருங்க."

தம்பி தங்கைகளே, விளக்கமறியலில் இருப்பவரைப் போய்ப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஒரு தரப்புக்காகப் பேசவும் உரிமை இல்லை. அந்த விதிகளுக்குப் பின்னால் நான் மிகவும் வசதியாக ஒளிந்துகொண்டேன். நீதவானின் அறைக்குப் போய், "அன்று சொன்னது நான், அவர் இல்லை" என்று சொல்வதற்கு எந்த விதியும் தடை இல்லை. போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பதவி உயர்வு வரும் நேரம் அது. கடைசியில், அடுத்த தவணையன்று வழக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் திறந்த நீதிமன்றத்தில் எழுந்து சொல்வது என்று முடிவுசெய்து, சிங்களத்தில் ஒரு வாக்கியம் தயாரித்தேன். என் தவறை ஒப்புக்கொள்ளும் வாக்கியம்தான். ஆனாலும் அதற்குள் ஒரு அகராதி மேற்கோளுக்கு இடம் வைத்திருந்தேன்.

அந்த வாக்கியத்துக்கு வேலை வரவில்லை. அன்று நீதிமன்ற வாசலில் பொலிஸ் ஜீப் ஒன்று, கொழும்புக்குப் போக ஆயத்தமாக, இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அதற்காக வழக்கை வரிசை மாற்றி எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிட்டுவிட்டார்கள். நான் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் சன்னாசி கூண்டில் நின்றார்.

"சந்தேகநபரிடமே இன்னொரு முறை கேட்கிறேன்," என்றார் நீதவான். "இது என்ன?"

இந்த முறை நான் ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். "இது என்னன்னு கேக்கிறாங்க."

சன்னாசியை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். தலையை நனைத்து வாரியிருந்தார். நெஞ்சை நிமிர்த்தி நின்றார். போன தவணையில் நடுங்கிய ஆள் இவர் இல்லை.

"தொரை அவங்களே, படங்குன்னா சும்மா சாக்குத் துணின்னு நெனச்சிராதீங்க. அந்தக் காலத்துல ராசாமாரு சண்டைக்குப் போறப்ப அடிக்கிற கூடாரமுங்க அது. அவங்க பிடிச்சுக்கிட்டுப் போற கொடியுமுங்க."

அன்று அவர் முகத்தில் பார்த்த ஆச்சரியம் என்ன என்று இப்போது விளங்கியது. அரைகுறையாகச் சிங்களம் காதில் விழுந்து, தன் மூட்டைக்குள்ளே இவ்வளவு பெருமை இருக்கிறதா என்று மனிதர் பூரித்துப் போயிருக்கிறார். விளக்கமறியலில் இருந்த நாள் முழுக்க அடுத்த பாயில் படுத்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறார். நான் ஒரு மாதம் அலைந்து தேடியும் கிடைக்காத ஒரே ரசிகன் கூண்டுக்குள்ளே நிற்கிறான்.

வேறு வழியில்லை, சிங்களத்தில் சொன்னேன். கூடாரம. கொடிய. நீதவானின் பேனா ஓடியது. சார்ஜன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

சன்னாசி இன்னும் முடிக்கவில்லை. "நான் இம்புட்டு வருசமா அது இடுப்புத் துணின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேங்க. அன்னைக்கு இந்தா நிக்கிறாரே, இந்த ஐயா, இவருதான் எடுத்துச் சொன்னாரு. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு என்னாங்க தெரியும்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் சீக்கிரம் வந்துவிடும். சாட்சி சொல்பவர்கள் பேச்சுக்கு நடுவே நம்மையும் இழுப்பார்கள். "ஐயாவுக்குத் தெரியாததா", "நீங்களே சொல்லுங்க சார்" என்பார்கள். அதை நாம் மேலே ஏற்றுவதில்லை. யாரும் ஏற்றச் சொல்வதும் இல்லை. நீதிமன்றத்தின் நேரம் மிச்சம். அந்தப் பழக்கத்தின்படி சன்னாசியின் கடைசிப் பகுதியை நான் விழுங்கியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு குற்றமும் ஆகியிருக்காது. சன்னாசிக்கேகூடத் தெரிந்திருக்காது. என் மானம் தப்பியிருக்கும், ஜீப் புறப்பட்டிருக்கும்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. ஒரு மூச்சு இருக்கலாம். ஏதோ பெரிய தர்மம் என்னைப் பிடித்துத் தள்ளியது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஜன்னலில் பாப்பாத்தியின் முகம் தெரிந்தது. இந்த முறை அவர் என் வாக்கியங்களின் நீளத்தை அளந்துகொண்டிருப்பார் என்று தோன்றியது. நான் ஏற்றிவிட்டேன், முழுவதையும், கூண்டில் நிற்பவரின் வாயால் பேசுவதுபோல: "இவ்வளவு காலமும் நான் இதை இடுப்பில் கட்டும் துணி என்றுதான் நினைத்திருந்தேன். கூடாரம், கொடி என்பதெல்லாம் எனக்குச் சொன்னது தோல்க மாத்தயா."

தோல்க மாத்தயா என்றால் சிங்களத்தில் மொழிபெயர்ப்பாளர் ஐயா. தோல்க என்பது ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போன சொல். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை என்பதை என் சாதனையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதவானின் பேனா நின்றது. "யார் சொன்னது?"

கேள்வி சன்னாசிக்கு. ஆகவே நான் சன்னாசியிடம் கேட்டேன், யார் சொன்னது என்று. சன்னாசி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நீங்கதாங்க ஐயா" என்றார். அதை அப்படியே மேலே ஏற்றினால் 'நீங்கள்' என்பது நீதவானைக் குறித்து, அவரைக் குற்றம் சாட்டியதாக ஆகும். நான் என் நெஞ்சில் விரலை வைத்து, "இந்த ஆள்" என்று சிங்களத்தில் சொன்னேன். பின்வரிசையில் யாரோ இருமினார். இருமல் பரவியது.

"அவர் சொன்னது எது, நீர் சொன்னது எது?" இந்தக் கேள்வி நேராக எனக்கு.

"பெண்கள் கொழுந்து பறிக்கும்போது கட்டுவது என்பது அவருடையது, சார். மற்றதெல்லாம் என்னுடையது."

"மற்றது உமக்கு எங்கே கிடைத்தது?"

"அகராதியில்."

"இந்த மாவட்டத்தில் யாராவது அகராதியை இடுப்பில் கட்டுகிறார்களா?"

இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் அந்தப் பச்சைத் துணியை எடுத்து, இதைக் கட்டிக் காட்ட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பாப்பாத்தி ஜன்னலை விட்டுக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார். துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். லொறி எண்ணெயும் தாருமாக அது மணத்தது. தன் சேலையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"நல்ல சேலைங்க. எண்ணெ பட்டா போகாது." நீதிமன்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிய அவர் கண் என்னிடம் வந்து நின்றது. "ஐயாவுக்குக் கட்டிக் காட்டட்டுங்களா?"

இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன். நீதவான் முகத்தில் ஒரு தசையும் அசையாமல், ஆட்சேபனை இல்லை என்றார்.

"கையத் தூக்குங்க," என்றார் பாப்பாத்தி. தூக்கினேன். "திரும்புங்க. இன்னும் கொஞ்சம். மூச்ச உள்ள இழுங்க. ஐயாவுக்குத் தொப்பை இருக்கு, நாடா பத்தல. இன்னும் இழுங்க." துணி என்னைச் சுற்றி வந்து ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. மேல் விளிம்பை ஒரு மடிப்பு மடித்து வெளியே தள்ளி, நாடாவை இடுப்பில் இறுக்கி, பக்கவாட்டில் ஒரு முடிச்சு. இடுப்பில் இருந்து முழங்காலுக்குக் கீழே வரை, தைத்து வைத்ததுபோல. இரண்டு முனையில் நாடா எதற்கு, எல்லாம் ஏன் ஒரே அளவு என்று பொலிஸ் அறிக்கை கேட்டிருந்த கேள்விகளுக்கெல்லாம் என் உடம்பில் விடை தொங்கியது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, கீழே லொறிப் படுதா. நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

நீதவான் மேசை மேலே கொஞ்சம் குனிந்து பார்த்தார். "சார்ஜன்ட், இந்தக் கூடாரத்துக்குள்ளே எத்தனை பேர் தங்கலாம்?"

சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். நேர்மையான மனிதர். "ஒருத்தர், சார்," என்றார். "அவரும் நின்றபடிதான்."

இருமல் என்று நடித்துக்கொண்டிருந்தவர்கள் நடிப்பை விட்டுவிட்டார்கள். நீதவான் அமைதி என்று மேசையைத் தட்டினார், ஆனால் கொஞ்சம் தாமதித்துத்தான் தட்டினார். பொலிஸுக்கு மேலே விசாரிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் சார்ஜன்ட். சன்னாசியை விடுதலை செய்து மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த உத்தரவை நான் சன்னாசிக்குத் தமிழில் சொன்னபோது படங்கு இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது. என் உத்தியோகத்தில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே சுத்தமான வாக்கியம் அது. ஒரு சொல் அதிகமில்லை, ஒரு சொல் குறைவில்லை.

வாசலில் ஜீப் சும்மா திரும்பிப் போனது. பதவி உயர்வு பிந்தியது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்று என் மனைவி சொல்வார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கூண்டில் நிற்பவர் பேசும்போது ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று உங்களுக்கு நமநமக்கும். அந்த நமைச்சல் வந்தால் வாயை மூடுங்கள். வேறொரு நாள் ஒரு சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நமநமக்கும். அப்போது வாயைத் திறங்கள். இரண்டிலும் உங்கள் மானம்தான் பேசுகிறது. கூண்டில் நிற்பவர் அங்கே பேசவே இல்லை. மற்றபடி அகராதி படியுங்கள். படங்கு என்ற சொல்லின் மேல் எனக்கு இருந்த காதல் இன்றைக்கும் ஒரு நூல் குறையவில்லை. போன வாரம்கூட அதைப் பற்றிப் புதிதாக ஒன்று தோன்றியது. நீங்கள் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை.

அன்று விறாந்தையில் இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நன்றி சொல்லத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து, அதை எப்படிப் பெருந்தன்மையாக மறுப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். படங்கை அவிழ்த்துக் கையில் மடித்து வைத்திருந்தேன். சன்னாசி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வேற ஏதும் பொருள் இருக்குங்களா ஐயா, தோட்டத்துல சொன்னா யாவாரத்துக்கு நல்லது" என்று ஆவலாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பாப்பாத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"பஸ்ஸு போயிரும், வாங்க." நாலு எட்டு வைத்தவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "படங்கு ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சுங்க ஐயா. ஆனா கொழுந்தெடுக்க மட்டும் வந்துராதீங்க. ஒவ்வொரு எலைக்கும் கதை சொல்லிக்கிட்டு நிப்பீங்க, நாள் முழுக்க நின்னாலும் கங்காணி அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேரு போடுவாரு."